கூரைமேற் பனியும் சுண்டைக்காய்க் கணக்கும்

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றின் பெயரால் வழங்கும் நாளிலே ஞாயிற்றைப் பற்றியே சிறிது பேசலாம் என்று எண்ணுகின்றேன். ஆனால், சித்திரை மாதத்தில் நம் உச்சந்தலைக்கு நேரே நின்று தார் வீதியை இளகச் செய்யும் நமது ஊர் ஞாயிற்றைப் பற்றி அன்று. அதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. கனடா தேசத்திலே, தை மாதத்தில், காலை எட்டு மணியளவிற் சோம்பலுடன் எழுந்து மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடும் ஞாயிற்றைப் பற்றியதே இன்றைய கட்டுரை. அந்த ஞாயிற்றின் பொருட்டு என் தமையனார் தமது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்பதே இதனை எழுதக் காரணமாயிற்று.

தமையனார் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவர். சென்ற கோடையிலே தமது வீட்டுக் கூரையிற் பன்னிரண்டு சூரிய மின்தகடுகளைப் பொருத்துவித்தார். அவற்றின் மொத்த வலு 5 கிலோவாற்று. அன்று தொடக்கம் அவருடைய தொலைபேசிப் பேச்சின் போக்கே மாறிவிட்டது. முன்னெல்லாம், "அம்மாவுக்குச் சுகம் எப்படி? அங்கே மழை பெய்ததோ?" என்று தொடங்குபவர், "தம்பி, இன்றைக்கு இருபத்தெட்டு அலகு" என்று தொடங்கலானார். தகடுகள் பிறப்பிக்கும் மின்சாரத்தின் அளவை உடனுக்குடன் கைத்தொலைபேசியிலே காணலாம். பேரப்பிள்ளையின் நிறையை ஊரெல்லாம் சொல்லி மகிழும் பாட்டனாரைப்போல அவர் அந்த எண்ணைச் சொல்லி மகிழ்ந்துவந்தார்.

தை மாதத்தில் ஓரிரவு முழுவதும் பனி கொட்டியது. விடிந்தபோது கூரையின்மேல் ஓரடிக் கனத்தில் வெண்பனி கிடந்தது. மறுநாட் காலையிலோ வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்து, வெயில் பளீரென்று எறித்தது. கைத்தொலைபேசி மட்டும் சுழியத்தைக் காட்டியது. தமையனார் ஏணியைச் சாத்தினார். பனி வாரும் சவளுடன் கூரையில் ஏறினார். இரண்டு தகடுகளைத் துப்புரவாக்கி மூன்றாவதிற்குச் சென்றபோது கால் வழுக்கியது. கீழே வேலியோரம் குவிந்து கிடந்த பனியின்மேல் விழுந்தமையால் உயிர் தப்பினார். இடுப்பெலும்புக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. நள்ளிரவில் மச்சாள் அழுதுகொண்டு தொலைபேசியில் இந்தச் செய்தியைச் சொன்னபோது, எனக்கு முதலில் துக்கமும், பின்னர் கோபமும், கடைசியில் ஒரு பழைய நினைவும் தோன்றின.

அந்த நினைவைச் சொல்லாவிடின், ஐம்பது வயது கடந்த ஒருவர் ஏன் கூரையில் ஏறினார் என்பது வாசகர்களுக்கு விளங்காது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருந்ததில்லை. ஜாம் போத்தலுக்குட் பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டுத் திரி கொளுத்திய விளக்கின் முன்னே நாங்கள் படித்தோம். செய்தி கேட்பதற்கு மின்கலமும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தால் வானொலியை இயக்குவோம். சுழற்றுபவர் தமையனார்; கேட்பவர் ஐயா; பக்கத்திற் குந்தியிருப்பவன் நான். செய்தி முடியுமுன் தமையனாரின் கை ஓய்ந்தால் வானொலியின் குரலும் ஓய்ந்துவிடும். உடனே ஐயா, "கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு நிமிடம்" என்பார். தமையனார் பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றுவார். மின்சாரம் என்பது கையுளைவு என்று அன்று கற்றவர் அவர். இலவசமாக எறிக்கும் வெயில் தம் கூரைமேல் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் இயலவில்லை.

நிற்க. துக்கம் சற்று ஆறியபின், நான் பௌதிகம் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவரிடம் இதனை ஒரு கணக்காக விடுத்தேன். பனியை வாரியதால் தமையனாருக்குக் கிடைக்கக்கூடிய இலாபம் எவ்வளவு? வாராது விட்டிருந்தால் நட்டம் எவ்வளவு? ஒரு மாணவன் எழுந்து, "சேர், குளிர்நாட்டில் வெயிலுக்குச் சூடில்லையே; அங்கே தகடு எப்படி வேலை செய்யும்?" என்று வினவினான். வாசகர்களிற் பலருக்கும் இந்த ஐயம் இருக்கலாம். ஆதலால் அதிலிருந்தே தொடங்குவோம்.

சூரிய மின்தகடு வெப்பத்தால் இயங்குவதன்று, ஒளியால் இயங்குவது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் பயன்படத்தக்க முதலாவது சிலிக்கன் சூரியக்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளிச்சக்தியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே அது மின்சாரமாக்கியது. இன்று கூரைகளிற் காணப்படும் தகடுகள் 20 சதவீதத்திற்கு மேலும் மாற்றுகின்றன. சிலிக்கனுக்கோ வெப்பம் பகை. 25 பாகை செல்சியசை அளவுகோலாகக் கொண்டு தகட்டின் வலுவைக் குறிப்பிடுவர். அதற்குமேல் வெப்பநிலை ஒவ்வொரு பாகை ஏறும்போதும் வலு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். இறங்கும்போது அவ்வளவு கூடும். நம்மூர் மத்தியான வெயிலில் 60 பாகைக்குச் சூடேறிய தகடு 14 சதவீதத்தை இழந்துவிடும். சுழியத்திற்குக் கீழே 10 பாகையில் இருக்கும் தகடு, அதே ஒளி கிடைக்குமாயின், 14 சதவீதம் கூடுதலாகத் தரும். எனவே குளிர் அங்குள்ள தகடுகளுக்கு நண்பனே. வெண்பனியுங்கூடத் தரையிற் கிடக்கும்போது நண்பன்தான். புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரையில் தெறிக்கச் செய்வது. அத்தெறிப்பில் ஒரு பங்கு தகட்டையும் வந்தடையும். ஆனால், அதே பனி தகட்டின்மேல் ஏறி அமர்ந்துவிட்டால், ஒளியை உள்ளே விடாது வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது.

அப்படியாயின் நட்டம் பெரிதன்றோ? இதனைக் கனடா நாட்டவர் ஊகித்துக்கொண்டு இராமல் அளந்தே பார்த்தனர். அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்ரன் நகரிலுள்ள வட அல்பேர்ட்டாத் தொழினுட்ப நிறுவகத்தார், 2012ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் ஓர் ஆய்வை நடத்தினர். ஆறு வேறு சாய்வுகளில் இவ்விரண்டு தகடுகளை அருகருகே நிறுத்தினர். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றின் பனியை ஒழுங்காக அகற்றினர்; மற்றதை இயற்கையிடம் விட்டனர். பனியால் ஆண்டுக்கு 20 சதவீதம் வரை இழப்பு ஏற்படக்கூடும் என்று முன்னர் கருதப்பட்டது. அளந்து கண்டதோ சராசரியாக ஏறத்தாழ 3 சதவீதமே. ஒன்ராறியோ மாகாணத்துக் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைவானதே. சாய்வையும் தகட்டின் வகையையும் பொறுத்து, ஆண்டு இழப்பு 1 முதல் 3.5 சதவீதம் வரை என்று அவர்கள் கண்டனர்.

இவ்வாறு எல்லா இடத்துக்கும் சொல்லிவிடலாகாது. கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளில், பனி மிகுதியாகக் கொட்டும் திரக்கி என்னும் ஊரில் அளந்தபோது, 39 பாகை சாய்ந்த தகடு ஆண்டுக்கு 12 சதவீதத்தையும், 24 பாகை சாய்ந்தது 15 சதவீதத்தையும், சாய்வே இல்லாமற் படுத்திருந்தது 18 சதவீதத்தையும் இழந்தன. ஆதலால் நட்டத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒன்று, எவ்வளவு பனி பெய்கின்றது என்பது; மற்றது, தகடு எவ்வளவு சாய்ந்திருக்கின்றது என்பது.

இனித் தமையனாரின் கணக்குக்கு வருவோம். ரொறன்ரோவில் ஒவ்வொரு கிலோவாற்றுத் தகடும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,150 அலகு மின்சாரம் தரும் எனக் கொள்வோம். 5 கிலோவாற்றுக்கு 5,750 அலகு. அதில் 3 சதவீதம் ஏறத்தாழ 172 அலகு. அலகொன்று 15 சதம் என வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் பனியாற் போகும் நட்டம் 26 டொலர்! அந்த ஒரு பனிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் இன்னுஞ் சிறிது. தை மாதத்தில் வெயில் நன்றாக எறிக்கும் நாளிலும் அவருடைய கூரை 15 அலகுக்கு மேல் தருவது அரிது. மூன்று நாள் மூடிக்கிடந்தால் 45 அலகு. அதன் விலை ஏழு டொலருக்கும் குறைவு. மாணவர்கள் இந்த விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தனர். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், ஏழு டொலருக்கோ?" என்றான். "ஓம், ஏழு டொலருக்குத்தான்" என்றேன். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இத்தகைய வணிகத்தைத்தான்.

நட்டம் இவ்வளவு சிறிதாவது எதனால்? நாடுகளின் இருப்பிடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் உள்ளது. ரொறன்ரோ ஏறத்தாழ 43 பாகை 40 கலையில் உள்ளது. மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகலில், நமக்கு நண்பகற் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். ரொறன்ரோவில் 23 பாகையையே எட்டும். அங்கே அப்பகலும் ஒன்பது மணித்தியாலந்தான். ஆனி மாதத்திலோ பகல் பதினைந்து மணித்தியாலத்திற்கு மேல் நீள்கின்றது. ஆகவே அந்நாட்டுத் தகடுகளின் அறுவடைக்காலம் கோடையே. பனி மூடுவது, ஏற்கெனவே விளைச்சல் குன்றிய காலத்தை மட்டுமே. மேலும் ஒன்ராறியோவில், வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைப் பொது வலையமைப்புக்கு வழங்கி, அதற்குரிய வரவைப் பன்னிரண்டு மாதம் வரை கணக்கில் வைத்துக்கொள்ளும் முறை உண்டு. கோடையில் நெல்லைக் குதிரிலிட்டு மாரியில் எடுத்து உண்பதைப் போன்றது அது. தமையனாரின் தகடுகள் பனியில் மூடிக்கிடந்த அன்றும் அவர் வீட்டில் ஒரு விளக்கேனும் அணைந்ததில்லை.

அடுத்து, பனி தானாகவே நீங்கும் விதத்தையும் அறிதல் நன்று. மெல்லிய பனிப்படையினூடே ஒளி ஓரளவு உட்செல்லும். அவ்வொளியைக் கருநிறமான தகடு உறிஞ்சிச் சூடாகும். கண்ணாடியை ஒட்டிய பனி முதலில் உருகி ஒரு மெல்லிய நீர்ப்படை உண்டாகும். அதன்மேல் எஞ்சிய பனி முழுவதும் ஒரு பாய் நழுவுவதைப்போல வழுக்கி விழும். கண்ணாடி வழவழப்பானது, ஓட்டுக் கூரையைப்போலப் பனியைப் பற்றி வைத்திராது. ஒரு கரை மட்டும் வெளித்தெரிந்தாலும் போதும். அங்கே தொடங்கிய சூடு மெல்ல மெல்லப் பரவும். ஆனால், பாதி மூடிய தகடு பாதி மின்சாரம் தரும் என்று எண்ணிவிடலாகாது. தகட்டினுள்ளே கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. வாய்க்கால் ஓரிடத்தில் அடைபட்டால் கீழ்வயலெல்லாம் காய்வதுபோல, சில கலங்கள் மறைந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் தளரும். அடைபட்ட பகுதியைச் சுற்றிச் செல்ல மின்னோட்டத்துக்கு வழிவிடும் இருவாயிகளை உள்ளே வைத்திருப்பதனால் நட்டம் ஓரளவு குறைகின்றது.

பனியின் பாரம் தகட்டை உடைத்துவிடாதோ என்று அஞ்சுவாரும் உளர். புதிய பனி ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எனக் கொண்டால், 30 சதமமீற்றர்ப் பனி ஒரு சதுரமீற்றரில் 30 கிலோகிராம் பாரத்தை ஏற்றும். பனிநாடுகளுக்கென ஆக்கப்படும் தகடுகளிற் பல, சதுரமீற்றருக்கு 550 கிலோகிராம் அளவான பாரத்தையும் தாங்குமாறு சோதிக்கப்பட்டவை. ஆகவே தகட்டைப் பற்றிக் கவலைப்படுவதிலும் மனிதரைப் பற்றிக் கவலைப்படுவதே முறை. ஏனெனில், தகடொன்று இரண்டு சதுரமீற்றர் எனின், பன்னிரண்டு தகடுகளின்மேல் 720 கிலோகிராம் பனி கிடக்கின்றது. அது நழுவும்போது ஒருங்கே நழுவும். கீழே நிற்பவர் பெரியவராயினும் குழந்தையாயினும் அது பார்ப்பதில்லை. இதன் பொருட்டே வாசற்படிக்கு மேலே உள்ள கூரைகளிற் பனித்தடுப்புகள் பொருத்தப்படுகின்றன.

பனியை அகற்றியே தீரவேண்டிய இடங்களும் உண்டு. பொது மின்வலையமைப்பு எட்டாத காட்டு வீடுகளில், மின்கல அடுக்குகளை நிரப்பத் தகடுகளையே நம்பி இருப்போர்க்கு, ஒரு நாள் மின்சாரமும் இன்றியமையாதது. அத்தகையோர் தகடுகளைக் கூரையில் வையாது, நிலத்தில் நட்ட சட்டத்தில், செங்குத்துக்குக் கிட்டிய சாய்விற் பொருத்துவது அறிவுடைமை. நின்ற நிலையிலேயே துடைத்துவிடலாம். சுவிற்சர்லாந்தில் ஏறக்குறைய 2,500 மீற்றர் உயரத்திலுள்ள முற்சே அணைக்கட்டின் சுவரில், 2022ஆம் ஆண்டில், ஏறத்தாழ 5,000 தகடுகளைச் செங்குத்தாகச் சாய்த்துப் பொருத்தி முடித்தனர். அங்கே பனி தங்குவதில்லை. பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்கு மேலே வெயில் எறிக்கின்றது. எதிரேயுள்ள வெண்பனியும் ஒளியைத் தெறிக்கச் செய்கின்றது. அதன் ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழப் பாதி குளிர்கால அரையாண்டிலேயே கிடைக்கின்றது. பனியோடு மல்லுக்கு நில்லாமல் அதனையே துணையாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

கூரைப் பனியை நீக்கியே ஆகவேண்டும் என்போர் அங்கே கைக்கொள்ளும் முறை இதுவாம். நீண்ட கம்பின் நுனியில் மென்மையான நுரைப்பலகை பூட்டிய கருவியை, தரையில் நின்றவாறே பயன்படுத்தல் வேண்டும். நேர் கீழே நில்லாமல் ஒரு பக்கமாக நின்று, கீழ்விளிம்பை மட்டும் இழுத்துவிட்டால் எஞ்சியதை வெயில் பார்த்துக்கொள்ளும். மின்கம்பிகள் அருகிற் சென்றால் உலோகக் கம்பைத் தொடவே கூடாது. இரும்புச் சவள் கண்ணாடியிற் கீறல் விழுத்தும். வெந்நீரை ஊற்றினால் குளிர்ந்த கண்ணாடி வெடிக்கக்கூடும். உப்பைத் தூவினால் சட்டம் அரிக்கும். எல்லாவற்றிலும் மேலாக, பனி மூடிய கூரையில் ஏறுதல் ஆகாது. பனிக்கடியில் ஓடு எங்கே, கண்ணாடி எங்கே என்று கால் அறியாது.

கனடாவில் உற்றார் உறவினர் இல்லாத தமிழ்க்குடும்பம் இங்கே இன்று அரிது. இக்கட்டுரையை வாசிப்போர் தம் அண்ணை, அக்காள், மாமா, சித்தப்பா யாராவது கூரையிலே தகடு பூட்டியிருந்தால், அடுத்த முறை பேசும்போது ஒரு சொல் சொல்லிவைப்பீர்களாக. நம் நாட்டிலும் இப்பொழுது கூரைதோறும் சூரியத் தகடுகள் பெருகிவருகின்றன. இங்கே பனியில்லை; தூசியும் பறவை எச்சமும் உண்டு. அவற்றைக் கழுவவென்று ஏணியைத் தூக்குமுன், கடதாசியும் பென்சிலும் எடுத்து, இழப்பு எத்தனை அலகு, அதன் விலை என்ன என்று பார்த்துக்கொள்ளுதல் நல்லது. பெரும்பாலும் அடுத்த மழையே அந்த வேலையைச் செலவின்றிச் செய்துவிடும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். கணக்குப் படிப்பது பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். மூன்று பெருக்கலும் ஒரு சதவீதமும் தெரிந்தவர் என் தமையனார், என்னிலும் கெட்டிக்காரர். ஆயினும் அன்று காலை அவர் கணக்குப் பார்க்கவில்லை. மனம் சொன்னபடி ஏறிவிட்டார். அறிந்திருப்பது வேறு, வேண்டிய வேளையில் அதனைக் கையிலெடுப்பது வேறு. சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்.

தமையனார் இப்போது கைத்தடியின் துணையுடன் நடமாடுகின்றார். சத்திர சிகிச்சைக்கு மறுநாள், வைத்தியசாலைக் கட்டிலிற் படுத்தபடியே அவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்து மணிக்குச் சுழியமாக இருந்த எண் பதினொரு மணிக்குச் சிறிது அசைந்தது, நண்பகலுக்குள் ஏறிவிட்டது. பனி தானாகவே வழுக்கி விழுந்துவிட்டது. அன்று மாலை எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. நான் ஏதாவது கடிந்து சொல்வேன் என்று அஞ்சினார் போலும்.

"தம்பி, நான் படுத்துக் கிடக்கத் தன்பாட்டில் விழுந்திட்டுது. இன்றைக்குப் பதினொரு அலகு."

"அண்ணை, இனி அதைச் சுழற்ற வேண்டியதில்லை. செய்தி தானாகவே வரும்" என்றேன்.

சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. பிறகு, "ஐயா இருந்தால் இதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருப்பார்" என்றார். ஏணியை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக மச்சாள் பின்னர் சொன்னார்.